'பரவாயில்லீங்க'ன்னு சொல்லாதீங்க... மார்க் போடுங்க!

"மூட்டு வலி இப்ப எப்படிம்மா இருக்கு?"

"பரவாயில்லீங்க டாக்டர்."

தருமபுரியில் என் கிளினிக்கில் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது இந்தப் பேச்சு நடக்கும். கேள்வியும் ஒரு வரி, பதிலும் ஒரு வரி. நானும் கேஸ் ஷீட்டில் 'தேறி வருகிறார்' என்று எழுதிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிடுவேன்.

அந்தப் 'பரவாயில்லை'க்கு உண்மையான அர்த்தம் என்ன என்று எனக்குப் புரிய வைத்தவர், பாலக்கோடு பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா. வயது நாற்பதைத் தாண்டியவர். கை விரல் கணுக்களிலும் மணிக்கட்டிலும் வலி. மூன்று மாதம் என்னிடம் மருந்து சாப்பிட்டார். ஒவ்வொரு முறையும் "பரவாயில்லீங்க" என்றார். ரத்தப் பரிசோதனையில் இ.எஸ்.ஆர். கிட்டத்தட்ட சரியாகவே இருந்தது. எனக்கும் திருப்தி.

நான்காவது மாதம், காத்திருக்கும் நேரத்தில் அவர் கையில் ஒரு தாளைக் கொடுத்தேன். சில கேள்விகள், பதிலுக்கு மார்க். அவ்வளவுதான். அவர் அதை நிரப்பிக் கொடுத்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சேலை கொசுவம் வைக்க மகள்தான் உதவுகிறாளாம். குழாயைத் திறக்க முடியவில்லையாம். களி கிண்டுவதை விட்டு ஆறு மாதம் ஆகிவிட்டதாம்!

"ஏம்மா, இதையெல்லாம் என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கலையேங்க..."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. நான் கேட்கவில்லை.

கேட்பதும் வைத்தியம்தான்

சித்த மருத்துவம் படிக்கும் மாணவனுக்கு நோய் நாடலில் முதலில் சொல்லித் தருவது மூன்று: பொறியால் தேர்தல், புலனால் தேர்தல், வினாதல். நாடி, நா, நிறம், மொழி, விழி என்று போகும் எண்வகைத் தேர்வும் உண்டு. நாடி பார்ப்பதில் காட்டும் அக்கறையை வினாதலில் நாங்கள் எல்லோரும் காட்டுகிறோமா? நெஞ்சைத் தொட்டுச் சொன்னால், இல்லை.

ஆங்கில மருத்துவத்தில் வினாதலை ஒரு முறையாகவே வகுத்துவிட்டார்கள். 1980-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஜேம்ஸ் ஃப்ரைஸும் அவரது குழுவினரும் மூட்டு நோயாளிகளுக்காக இருபது கேள்விகள் கொண்ட ஒரு தாளை வெளியிட்டார்கள். உடுத்துவது, எழுவது, சாப்பிடுவது, நடப்பது போன்ற அன்றாட வேலைகளில் எவ்வளவு சிரமம் என்று நோயாளியே மார்க் போட வேண்டும். டாக்டர் போடக் கூடாது!

இதற்கெல்லாம் என்ன பலன் என்று நீங்கள் கேட்கலாம். டாக்டர் தியோடர் பிங்கஸ் என்ற நிபுணரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் முடக்கு வாத நோயாளிகள் 75 பேரை 9 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1984-ல் முடிவை வெளியிட்டார்கள். அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் யாருக்கு அதிகம் குறைந்திருந்ததோ, அவர்களுக்கு ஆயுளும் குறைந்தது. 'டம்ளரைத் தூக்க முடிகிறதா?' என்ற சாதாரணக் கேள்வி, எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் காட்டாத சில விஷயங்களைக் காட்டிவிடுகிறது. முடக்கு வாதம் உள்ள கணிசமானவர்களுக்கு இ.எஸ்.ஆர். சரியாகவே இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அமெரிக்கத் தாளில் இறைச்சி வெட்டுவது, பால் அட்டைப்பெட்டியைப் பிரிப்பது, தொட்டியில் குளிப்பது என்றெல்லாம் இருக்கும். நம் வீட்டுப் பெண்மணிக்கு அது எதற்கு? டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை நிபுணர்கள் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட இந்தியத் தாளைத் தயாரித்து, நோயாளிகளிடம் சோதித்து 2002-ல் வெளியிட்டார்கள். சேலை, வேட்டி கட்டுவது, கழிப்பறையில் குந்துவது, சம்மணம் போடுவது, ஆட்டோவில் ஏறி இறங்குவது, காய்கறி மார்க்கெட்டுக்குப் போய்வருவது எல்லாம் அதில் உண்டு.

நீங்களே மார்க் போடுங்கள்

அந்த முறையைப் பின்பற்றி, நம் மாவட்டத்து வாழ்க்கைக்குப் பொருந்துகிற மாதிரி என் நோயாளிகளுக்காக நான் எழுதி வைத்திருக்கும் கேள்விகள் இவை. இது ஆராய்ச்சியில் சோதித்துப் பார்த்த தாள் அல்ல. போன மாத உங்களையும் இந்த மாத உங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

கடந்த ஒரு வாரத்தை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். சிரமமே இல்லை என்றால் 0, கொஞ்சம் சிரமம் 1, ரொம்பச் சிரமம் 2, முடியவே இல்லை என்றால் 3.

1. சேலை அல்லது வேட்டி கட்ட, ஹூக், பித்தான் போட முடிகிறதா?
2. பாயிலிருந்தோ கட்டிலிலிருந்தோ தானே எழ முடிகிறதா?
3. தண்ணீர் நிறைந்த டம்ளரை ஒரே கையால் வாய்வரை தூக்க முடிகிறதா?
4. குளித்து, முதுகு வரை துடைத்துக்கொள்ள முடிகிறதா?
5. குந்தி உட்காரவோ சம்மணம் போடவோ முடிகிறதா?
6. குனிந்து தரையில் கிடக்கும் துணியை எடுக்க முடிகிறதா?
7. குழாயைத் திறந்து மூட முடிகிறதா?
8. களி கிண்ட, மாவு பிசைய முடிகிறதா? (சமைக்காதவர்கள் ஈரத்துணி பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள்.)
9. டவுன் பஸ் படியில் ஏறி இறங்க முடிகிறதா?
10. சந்தைக்குப் போய்ப் பையைத் தூக்கி வர முடிகிறதா?

மொத்தத்தைக் கூட்டி மூன்றால் வகுங்கள். பத்துக்கு இத்தனை என்று வரும். அடுத்து, வலிக்கு பத்துக்கு மார்க் போடுங்கள்; வலியே இல்லை 0, தாங்கவே முடியாத வலி 10. கடைசியாக, 'மொத்தத்தில் இந்த நோய் என்னை எவ்வளவு படுத்துகிறது?' என்பதற்கும் பத்துக்கு ஒரு மார்க். மூன்றையும் கூட்டினால் முப்பதுக்கு உங்கள் மார்க் கிடைத்துவிடும்.

பள்ளிக்கூட மார்க் மாதிரி இல்லை இது. குறையக் குறைய நல்லது!

இதே மாதிரி முப்பதுக்குப் போடும் ஒரு கணக்கைப் பல நாட்டு மூட்டுவாத நிபுணர்கள் பயன்படுத்துகிறார்கள். அவர்களுடைய தாளில் 3 வரை இருந்தால் நோய் கிட்டத்தட்ட அடங்கிவிட்டது. 6 வரை லேசானது. 12 வரை நடுத்தரம். அதற்கு மேல் தீவிரம். அந்த பாலக்கோடு அம்மா என் தாளில் வாங்கியிருந்த மார்க் 19! 'தேறி வருகிறார்' என்று நான் எழுதிய அதே மாதத்தில்.

தாளின் அடியில் இன்னொரு வரியும் எழுதுங்கள்: காலையில் எழுந்ததும் மூட்டு இறுக்கம் விலக எத்தனை நிமிஷம் ஆகிறது? தேய்மானத்தால் வரும் வலியில் பெரும்பாலும் அரை மணிக்குள் விலகிவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் முடக்கு வாதமாக இருக்கலாம். தாமதிக்காமல் காட்டுங்கள். முடக்கு வாதம் முதல் இரண்டு வருஷத்துக்குள்ளேயே மூட்டை அரிக்க ஆரம்பித்துவிடும். அரித்துப்போன மூட்டை எந்த வைத்தியரும் திருப்பித் தர முடியாது.

யார் நிரப்ப வேண்டும்?

நோயாளிதான். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் வீட்டில் ஒருவர் படித்துக் காட்டலாம். ஆனால் பதிலையும் சேர்த்துச் சொல்லிவிடக் கூடாது. "அத்தைக்கு அதெல்லாம் முடியுதுங்க" என்று மருமகள் சொல்வதும், "அவளுக்கு ஒண்ணுமில்லீங்க, சும்மா" என்று கணவர் சொல்வதும் எனக்குப் பழகிப்போன வசனங்கள். வலி யாருக்கோ, மார்க் அவர்தான் போட வேண்டும்.

மாதம் ஒருமுறை, டாக்டரைப் பார்க்கும் முன்பே நிரப்புங்கள். பழைய தாள்களை ஃபைலில் பத்திரமாக வையுங்கள். ஒரு தாளைவிட நான்கு தாள் அதிகம் பேசும்.

நம்ம ஊரு தண்ணியும் ஒரு கேள்வி

மார்க் 'எவ்வளவு' என்பதைச் சொல்லும். 'என்ன நோய்' என்பதைச் சொல்லாது. தேய்மானம், முடக்கு வாதம், சிக்குன்குனியா காய்ச்சலுக்குப் பின் தங்கிவிட்ட வலி என எதிலும் மார்க் ஏறும். நம் தருமபுரி மாவட்டத்தில் இன்னொன்றும் உண்டு: நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளோரைடு.

குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு இருக்கலாம், வேறு வழியில்லாதபோது 1.5 வரை என்பது நம் நாட்டு வரையறை. அதற்கு மேல் பல வருஷம் உள்ளே போனால் பல்லில் பழுப்புக் கோடு விழும். பிறகு எலும்பு இறுகி, கழுத்தும் முதுகும் வளையாமல் போகும். பார்ப்பதற்கு வாதம் மாதிரியே இருக்கும். இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது.

ஆகவே என் தாளின் பின்பக்கத்தில் தண்ணீர் பற்றியும் கேட்டிருக்கிறேன். என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள்? எத்தனை வருஷமாக? சமையலுக்கு எது? "குடிக்க ஒகேனக்கல் தண்ணி, சமைக்க போர் தண்ணி" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். சோறும் களியும் அந்தத் தண்ணீரைத்தானே குடிக்கின்றன? கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடும்.

வீட்டிலேயே மூன்று அசைவுகளைச் செய்து பாருங்கள். முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொட வேண்டும். முகவாய்க்கட்டையால் நெஞ்சைத் தொட வேண்டும். கைகளைப் பக்கவாட்டில் நீட்டி, மடக்கிப் பின்தலையைத் தொட வேண்டும். இவை முடியாமல், வீட்டில் பலருக்குப் பல்லில் கறையும் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

மூன்று எச்சரிக்கைகள்

ஒரே ஒரு மூட்டு திடீரென்று வீங்கிச் சிவந்து, கூடவே காய்ச்சலும் இருந்தால் தாளை நிரப்பிக்கொண்டு உட்காராதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டை எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கவும் கூடாது.

லேபிள் இல்லாத பொட்டலத்தில் யாரோ கொடுத்த சூரணத்தால் 20-ல் இருந்த மார்க் மூன்றே நாளில் 4-க்கு இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். சந்தேகப்படுங்கள்! அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். எங்கள் மருந்துகள் அப்படி மந்திரம் போல் வேலை செய்வதில்லை. ஆனால் பல நாள் சாப்பிட்டுவிட்டீர்கள் என்றால் அதைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள்.

இரண்டு வைத்தியம் பார்ப்பவர்கள் இரண்டு டாக்டரிடமும் அதைச் சொல்லுங்கள், ஒரே தாளை இருவரிடமும் காட்டுங்கள். மறைப்பதால் கெடுவது உங்கள் உடம்புதான்.

அந்த பாலக்கோடு அம்மாவை அன்றைக்கே ரூமட்டாலஜிஸ்ட் என்கிற மூட்டுவாத நிபுணரிடம் அனுப்பினேன். என் மருந்து போதவில்லை என்று தாள் சொன்ன பிறகு, கௌரவம் பார்த்து வைத்துக்கொள்வது பாவம் அல்லவா? முடக்கு வாதம் என்று உறுதியானது. வாரம் ஒருமுறை மட்டும் சாப்பிடும் மெதோட்ரெக்ஸேட் மாத்திரையை ஆரம்பித்தார்கள். மாதா மாதம் தாளை நிரப்பி எனக்கும் ஒரு பிரதி கொண்டுவந்து தருவார். 19 என்பது 15 ஆனது, 11 ஆனது. ஆறாவது மாதம் 7. சேலையை அவரே கட்டிக்கொள்கிறார்.

போன முறை வந்தபோது வழக்கம்போல் கேட்டேன், "எப்படிம்மா இருக்கு?"

"ஏழுங்க டாக்டர். குழாய் மட்டும் இன்னும் கொஞ்சம் சிரமம்."

டாக்டரிடம் இப்படித்தான் பேச வேண்டும். அடுத்த முறை நீங்களும் போகும்போது கையில் ஒரு தாள் இருக்கட்டும்.