குழந்தைக்கு வயிற்றால் போகுதா? பாலை நிறுத்தாதீங்க!

புதுச்சேரி:
கைக்குழந்தைக்கு நாலு தடவை தண்ணியா போனாலே, சில பெற்றோர் மருந்துக்கடைக்கு ஓடி ஆன்டிபயாடிக் சிரப் வாங்கி விடுகிறார்கள். இது பெரும்பாலும் பேதியை நிறுத்தாது. குடலில் உள்ள நல்ல கிருமிகளைத்தான் கொல்லும்.

நல்ல கிருமிகள்

தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் குடலில் 'பிஃபிடோ' என்ற பாக்டீரியா அதிகம். தாய்ப்பாலில் உள்ள ஒருவகை சர்க்கரை குழந்தைக்கு செரிக்காது. அதுதான் இந்த பாக்டீரியாவுக்கு சாப்பாடு. பதிலுக்கு இவை அமிலம் சுரந்து கெட்ட கிருமிகளை அண்ட விடாது.

பேதியாகும்போது இந்த நல்ல கிருமிகள் குறைந்து விடுகின்றன. சின்ன குழந்தைகளுக்கு பேதி பெரும்பாலும் வைரசால் வருவது. வைரசை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. ரத்தபேதி, 2022 ஜூலையில் காரைக்காலில் பரவிய காலரா போன்றவற்றுக்கே அது தேவைப்படும். அதையும் டாக்டர்தான் முடிவு செய்யணும்.

என்ன செய்யணும்?

'மாந்தம்' என்று சொல்லி தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் பெரிய ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழுசாக கரைத்து, ஒவ்வொரு முறை போன பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டணும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. துத்தநாக மாத்திரையை டாக்டர் சொல்லும் அளவில் 14 நாள் கொடுக்கணும். பேதி நின்றாலும் பாதியில் விடக் கூடாது.

6, 10, 14-வது வாரங்களில் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து அரசு மையங்களில் இலவசம்.

கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, பால் குடிக்காமல் சோர்ந்தாலோ வீட்டில் வைத்து பார்க்காதீங்க. எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு ராஜீவ்காந்தி மகளிர், குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு உடனே தூக்கிட்டு ஓடுங்க!