அச்சேறிய முகங்கள்: மறுமலர்ச்சிக்கால உருவச் செதுக்குப்படங்கள் பற்றிய ஒரு குறிப்பு

ஐரோப்பிய மறுமலர்ச்சிக்கால உருவப்படங்கள் பற்றி எழுதுவோர் பலர், யாக்கோப் புர்க்ஹார்ட் 1860இல் வெளியிட்ட நூலின் வழிநின்று, அவற்றைத் தனிமனிதனின் தோற்றத்துக்குச் சான்றாகக் கொள்வர். அத்தனிமனிதனின் முகம் எவர் செலவில், எவருக்காக அச்சேறியது என்னும் வினாவோ பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை.

தைலவண்ண ஓவியம் அதனை வரைவித்தவனின் மாளிகையிலே தங்கிவிடுவது. செப்புத்தகட்டைக் கூருளியாற் கீறி, கீறல்களில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கிடையே அழுத்திப் பெறும் படம் நூற்றுக்கணக்கிற் பெருகுவது. நியூரம்பேர்க் நகரக் கலைஞர் அல்பிரெக்ற் டியூறர், மைன்ஸ் பேராயரான கர்தினால் அல்பிரெக்ற்றின் உருவை 1519இல் செதுக்கி, தகட்டையும் 200 பிரதிகளையும் அவருக்கு அனுப்பினார். பெற்ற ஊதியம் 200 பொற்காசும் மேலங்கிக்கென 20 முழப் பட்டும். பிரதிகளோடு தகடும் கைமாறியமை மனங்கொள்ளத்தக்கது. மேலும் படமெடுக்கும் சாதனமே புரவலரிடம் சென்றுவிட்டது. இக்கர்தினாலுக்குத்தான் 1517இல் மாட்டின் லூதர், பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையைக் கண்டிக்கும் 95 கூற்றுகளை அனுப்பியிருந்தார்.

1520இல் லூதரின் முகமும் செப்பேறியது. சக்சனி அரசவை ஓவியர் லூக்காஸ் கிரனாக், ஒட்டிய கன்னமும் உறுதிகொண்ட பார்வையுமுடைய துறவியாக அவரை முதலிற் செதுக்கினார். அதே ஆண்டின் இரண்டாவது படத்திலோ, மாடக்குழியின் முன் நூலேந்திச் சாந்தமே உருவாகக் காட்சியளிக்கிறார். முதற்படம் அக்காலத்தில் அதிகம் பரவவிடப்படவில்லை என்பது ஆய்வாளர் துணிபு. கலகக்காரனைக் காட்டிலும் புனிதனே அரசவைக்கு உகந்தவன் போலும்! 1521இல் ஹான்ஸ் பால்டுங்கின் மரச்செதுக்குப்படம் அவருக்கு ஒளிவட்டமும் தலைக்குமேற் புறாவும் அளித்தது. வோர்ம்ஸ் நகரிலிருந்த பாப்பரசரின் தூதர் அலெயாண்டர், ஒளிவட்டமிட்ட லூதர் படங்களை மக்கள் வாங்கி முத்தமிடுகின்றனர் என உரோமுக்கு எழுதினார்.

பிரதியாக்கம் கலைப்படைப்பைச் சூழ்ந்த புனித ஒளியைச் சிதைக்கும் என்றார் வால்ட்டர் பெஞ்சமின், 1936இல் வெளிவந்த தமது கட்டுரையில். அவர் முதன்மையாகக் கருதியது புகைப்படத்தையும் திரைப்படத்தையுமே. அக்கூற்றை எல்லாக் காலத்துக்கும் பொதுவிதியாக்குவது இயந்திரப்பாங்கான பொருள்முதல்வாதமாகும். வோர்ம்ஸில் பிரதியே ஒளிவட்டத்தைச் சமைத்தது. தொழில்நுட்பம் வாய்ப்பைத் தந்தது. அவ்வாய்ப்பு எவ்வாறு பயன்பட்டது என்பதை நிர்ணயித்தவை அன்றைய சமுதாய உறவுகள்.

எவருடைய முகம் படத்துக்குரியது என்பதிலும் அவ்வுறவுகள் புலப்படும். 1525இல் ஜேர்மனிய விவசாயிகளின் எழுச்சி நசுக்கப்பட்டபோது லூதர் பிரபுக்களின் பக்கம் நின்றார். அவ்வாண்டு வெளிவந்த தமது அளவை நூலில் டியூறர் ஒரு வெற்றித்தூணை வரைந்தார். அதன் உச்சியில், முதுகில் வாள் பாய்ந்தவனாய், ஒரு விவசாயி குந்தியிருக்கிறான். இது ஏளனமா இரக்கமா என்பதில் அறிஞர் வேறுபடுவர்; இரக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர் 1524இல் செதுக்கிய சக்சனி மன்னர் பிரெடெரிக், 1526இல் செதுக்கிய எராஸ்மஸ், மெலாங்தன் ஆகியோரின் படங்களிற் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. விவசாயியின் கீழே பாற்குடமும் கோழிக்கூடையுமே உள.