யார் பார்த்தது?

நண்பகல் நிகழ்ச்சிக்கு இன்னும் கால் மணி நேரம். சுங்கை சிப்புட்டிலிருந்து அத்தை புலனத்தில் ஒரு குரல் பதிவு அனுப்பினார். பள்ளிக்கூட வாசலில் வெள்ளை வேனில் வந்து பிள்ளை பிடிக்கிறார்களாம். ‘நம்ம ஊருதான்பா. உடனே ரேடியோவுல சொல்லிடு’ என்று கீழே எழுதியிருந்தார்.

பள்ளி விடும் நேரம். சொல்லியிருந்தால் எத்தனை பெற்றோர் பதறி ஓடியிருப்பார்கள்!

பதிவை மறுபடி கேட்டேன். பேசிய பெண் ‘ஆட்டோ ஸ்டாண்டு பக்கத்துல’ என்றார். சுங்கை சிப்புட்டில் ஏது ஆட்டோ ஸ்டாண்டு? காவல் நிலையத்தை அழைத்தேன். அப்படி ஒரு புகாரே இல்லை. எங்கோ தமிழ்நாட்டில் சுற்றிய பதிவு, நம் ஊர்ப் பெயரை ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

இதே மாதிரி வதந்திதான் அங்கே ஓர் உயிரைக் குடித்தது. 2018 மே 9. நாம் இங்கே 14ஆவது பொதுத் தேர்தலில் வாக்களித்த அதே நாள். திருவண்ணாமலை மாவட்டம், போளூர் அருகே அத்திமூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்கு ஒரு குடும்பம் காரில் போனது. அவர்களில் மலேசியாவிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். வழியில் நிறுத்தியபோது, 65 வயது அம்மா ஒருவர் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். புலனத்தில் பரவிய பேச்சை நம்பிய கூட்டம், பிள்ளை பிடிப்பவர் என்று அவரை அடித்தே கொன்றது. உடன் போனவர்களும் படுகாயமடைந்தார்கள்.

ஊருக்குப் போகும்போது பையில் மிட்டாய் எடுத்துப் போகாதவர் நம்மில் யார்?

அந்த ஆண்டு இந்தியாவில் இப்படிப் பல கொலைகள் நடந்த பிறகுதான், ஒரு தகவலை ஒரே தடவையில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் மாற்றியது. 2019 ஜனவரியில் அது உலகம் முழுக்க வந்தது. தகவலின் மேல் இரட்டை அம்புக்குறி தெரிந்தால், அது பல கை மாறி வந்தது என்று பொருள். சந்தேகம் வந்தால் பார்க்க, தொடர்பு பல்லூடக ஆணையம் 2017இல் தொடங்கிய ‘செபெனார்ஞா’ அகப்பக்கம் இருக்கிறது.

ஆனால் முதல் சோதனைக்கு இணையமே வேண்டாம். தோட்டத்தில் தாத்தா காலத்தில் சேதி பிரட்டுக்களத்தில் வரும். சொன்னவர் யார் என்று தெரியும். பொய்யென்றால் சாயங்காலம் அவர் லயத்து வாசலில் போய்க் கேட்கலாம். கை மாறி வரும் தகவலுக்கு அப்படி ஒரு வாசல் இல்லை.

அத்தையைக் குழுவில் திருத்தி எழுத மனம் வரவில்லை. தனியாக அழைத்தேன்.

“அத்தை, அந்த வேனை யார் பார்த்தது?”

“கோயில் குழுவுல வந்துச்சுப்பா.”

“போட்டவங்க பார்த்தாங்களா?”

சற்று நேரம் பேச்சில்லை. “விசாரிச்சிட்டுச் சொல்றேன்” என்றார்.

மறுநாள் குழுவில் அவரே எழுதியிருந்தார்: ‘யாரும் பார்க்கலையாம். அழிச்சிடுங்க.’