திருவிழாக் காசு எங்கே தங்குகிறது?

களுவாஞ்சிக்குடிக்கு மேற்கே மட்டக்களப்பு வாவி. அதன் மறுகரையாகிய படுவான்கரையில் மண்டூர். 'சின்னக் கதிர்காமம்' எனப் போற்றப்படும் மண்டூர் முருகன் ஆலயத்தின் தீர்த்தத் திருவிழா ஆவணிப் பூரணையில் நிகழ்வது. எழுவான்கரை அடியார்கள் குருமண்வெளித் துறையில் ஓடமேறி அங்குச் செல்வது தொன்றுதொட்ட வழக்கம்.

அடியாரோடு காசும் பயணம் போகிறது. ஓடக்கூலி ஓடக்காரர் கையைச் சேர்கிறது. அவர் அரிசி வாங்கும்போது படுவான்கரை உழவரை அடைகிறது. தயிர்ச் சட்டிக்குக் கொடுத்த பணம் மாடு வளர்ப்போருக்கும் குயவருக்கும் பங்காகிறது. வெளியிலிருந்து வந்த பிளாஸ்டிக் பொம்மைக்குக் கொடுத்ததோ, கடைக்காரரின் சிறு இலாபம் நீங்கலாக, ஊரை விட்டே போய்விடுகிறது.

கதிர்காமப் பாதயாத்திரையைப் பாருங்கள். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கீழ்க்கரை வழியே நடந்து வருவோர் வாங்குவது சொற்பம். வழியூர் மக்களே அவர்களுக்கு அன்னமிடுகின்றனர். 1983 முதல் 2009 வரை நீடித்த போர் இந்த யாத்திரையைக் குலைத்தபோதும் வழக்கம் அழிந்துவிடவில்லை. இதனால் ஊருக்கு நட்டமா? அன்னதான அரிசியும் காய்கறியும் உள்ளூரில் வாங்கப்படுமாயின், கொடுத்தவர் பணம் அயலவர் வீட்டு அடுப்பையும் எரிக்கிறதன்றோ!

ஆகவே, கூட்டத்தின் பெருமையால் மட்டும் ஊர் செழிப்பதில்லை. வாங்கும் பொருள் எங்கே விளைந்தது என்பதே முக்கியம். மாணவர்களே, அடுத்த திருவிழாவில் பத்துக் கடைகளில் இதைக் கேட்டுக் குறித்து வாருங்கள். பாடப்புத்தகம் சொல்லாத பொருளியல் அக்குறிப்பில் கிடைக்கும். பெற்றோரே, திரும்பும்போது கையில் ஓர் உள்ளூர்ப் பன்பாயும் இருக்கட்டும்.