பின்வளவுக் குழியும் முன்வளவுக் கிணறும்

கிணற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளைக் கேட்டால் 'ஊற்றிலிருந்து' என்பார்கள். ஊற்றுக்கு எங்கிருந்து வருகிறது? அதைக் கண்ணால் காட்டலாம்.

வாயகன்ற கண்ணாடிப் போத்தல் ஒன்றை எடுங்கள். கைகழுவும் திரவப் போத்தலின் பம்பைக் கழற்றி, அதன் குழாய் நுனியில் மெல்லிய துணி சுற்றிப் போத்தலுக்குள் நிறுத்துங்கள். சுற்றிவரச் சிறுகல்லும் மணலும் நிரப்பி, மழைபோலத் தண்ணீர் தெளியுங்கள். மணலுக்குள் நீர்மட்டம் ஏறுவது கண்ணாடியில் தெரியும். பம்பை அமுக்கினால் தண்ணீர் வரும், அதுதான் கிணறு. இனி, எதிர்ஓரத்து மணலில் சிவப்புச் சாயம் சில துளி விட்டு, மேலே தண்ணீர் ஊற்றியபடி அமுக்கச் சொல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் சிவப்பாக வரும். "கிணற்றுக்குள் ஒருவரும் சாயம் ஊற்றவில்லையே!" என்று பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும்.

மணலாவது ஓரளவு வடிக்கும். எங்கள் குடாநாட்டின் அடியில் இருப்பதோ வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல். மலசலகூடக் குழியில் ஊறுவதும், வெங்காயத் தோட்டத்தில் அளவுமீறிப் போட்ட யூரியாவும் மழையோடு இறங்கி நைத்திரேற்றாகக் கிணற்றுக்கு வந்துவிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. கொதிக்கவைத்தாலும் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. அதற்கு மேற்பட்ட தண்ணீரில் பால்மா கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுத்தால், இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல் உடல் நீலம் பாரிக்கலாம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் தண்ணீரைக் கட்டாயம் பரிசோதியுங்கள். மோட்டரால் அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலேறும் என்பதையும் பிள்ளைகள் அறியட்டும்.

கெடுப்பவர் பெரியவராக இருந்தாலும் வழியுண்டு. சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெய்க் கழிவால் கிணறுகள் மாசடைந்த வழக்கில், மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டுமென 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தண்ணீரில் எண்ணெய்ப் படலமோ புதுமணமோ தெரிந்தால் குடிப்பதை நிறுத்துங்கள். திகதியிட்டுப் படமெடுத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் எழுத்தில் முறையிட்டுப் பிரதியை வைத்திருங்கள். அரச அமைப்புகள் கடமை தவறியதற்காக அடிப்படை உரிமை மனுப் போடுவதென்றால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தரும் காலம் ஒரு மாதம்தான். ஆகவே சட்டத்தரணியை முதல் வாரத்திலேயே பாருங்கள்.