பெட்ரோல் ஊற்றும் முன் ஒரு கேள்வி: டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?



குழுக் கடனில் மருந்தடிக்கும் மிஷின், களையெடுக்கும் மிஷின், புல் வெட்டும் மிஷின் வாங்கி உறுப்பினர்களுக்கு வாடகைக்கு விடும் குழுக்கள் நம்மிடையே இருக்கின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் மிஷின் ஒன்று, கை பல. இன்று ஒருவர் பெட்ரோல் ஊற்றுவார், நாளை வேறொருவர். ஆயில் கலக்க வேண்டிய மிஷினில் யாராவது வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டினால் இன்ஜின் ஜாம் ஆகிவிடும். மிஷின் மூலையில் கிடக்கும்; தவணை மட்டும் மாதா மாதம் வந்து நிற்கும். "அதெல்லாம் ஆம்பளைங்க வேலை, மெக்கானிக் பார்த்துக்குவாரு" என்று விட்டுவிட முடியாது. கடன் நம்ம பெயரில்தானே இருக்கு?

இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது?

பெட்ரோலும் காற்றும் கலந்து ஒரு உலோகக் குழாய்க்குள் எரிகிறது. அதுதான் சிலிண்டர். அதற்குள் மேலும் கீழும் போய்வருவது பிஸ்டன். சைக்கிள் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். பம்பை நாம் கையால் அழுத்துகிறோம். இன்ஜினில் எரியும் வாயு விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது.

மேலும் கீழும் போவது எப்படிச் சுற்றலாக மாறும்? தையல் மிஷினைப் பாருங்க. கால் பலகை மேலும் கீழும்தான் ஆடுகிறது. ஒரு கம்பி அதைச் சக்கரத்தோடு இணைப்பதால் சக்கரம் சுற்றுகிறது. இன்ஜினிலும் அதே வேலைதான். அடியில் சுற்றுவதற்குப் பெயர் கிராங்க். பிஸ்டன் ஒருமுறை மேலே போனாலும் சரி, கீழே வந்தாலும் சரி, அது ஒரு ஸ்ட்ரோக்.

ஃபோர் ஸ்ட்ரோக்

இதில் நான்கு வேலை, நான்கு ஸ்ட்ரோக்.

1. பிஸ்டன் கீழே இறங்கி பெட்ரோல் கலந்த காற்றை உறிஞ்சுகிறது.
2. மேலே ஏறி அதை அழுத்துகிறது.
3. பிளக் தீப்பொறி விடுகிறது; கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது.
4. பிஸ்டன் மறுபடி மேலே ஏறிப் புகையை வெளியே தள்ளுகிறது.

கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒருமுறைதான் பலம் கிடைக்கும். காற்று வரவும் புகை போகவும் தனித்தனி வால்வுகள் உண்டு. ஆயில் அடியில் தனியாக இருக்கும். பெட்ரோலோடு சேராது.

டூ ஸ்ட்ரோக்

இதில் அதே நான்கு வேலையும் இரண்டே ஸ்ட்ரோக்கில் முடிந்துவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை பலம். வால்வு கிடையாது, சிலிண்டர் சுவரில் துவாரங்கள் இருக்கும். பிஸ்டனே அவற்றை மூடித் திறக்கும். அதனால்தான் மிஷின் எடை குறைவு, முதுகில் மாட்டிக்கொள்ள வசதி. ஆனால் புகை வெளியேறும்போதே புதுக் கலவையும் உள்ளே வருவதால், கொஞ்சம் எரியாமலேயே வெளியே போய்விடும். புகையும் பெட்ரோல் செலவும் கூடுவது இதனால்தான். 1980ல் வந்த டிவிஎஸ் 50 டூ ஸ்ட்ரோக். 2015ல் வந்த எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக்.

முக்கியமான விஷயம் இதுதான். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கலவை கிராங்க் இருக்கும் அறை வழியாகத்தான் மேலே போகிறது. அங்கே தனியாக ஆயில் தேக்கி வைக்க முடியாது. பெட்ரோலோடு கலந்து போகும் ஆயில்தான் உராய்வைத் தடுக்கும். அது இல்லையென்றால் பிஸ்டன் சூடேறி, சுவரை உரசி, அப்படியே பிடித்துக்கொள்ளும்.

நாம் செய்ய வேண்டியவை

• மிஷின் புத்தகத்தில் சொன்ன அளவில் டூ ஸ்ட்ரோக் ஆயில் கலக்குங்கள். 1 லிட்டர் பெட்ரோலுக்கு, 25:1 என்றால் 40 மில்லி, 40:1 என்றால் 25 மில்லி, 50:1 என்றால் 20 மில்லி. கண் மதிப்பு வேண்டாம். அளவுக் குப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

• தனிக் கேனில் கலந்து, குலுக்கி, பிறகு டேங்கில் ஊற்றுங்கள். அடுப்புப் பக்கம் வேண்டாம். இன்ஜின் ஆறிய பிறகே ஊற்றுங்கள். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வைக்கவே கூடாது. குழந்தைகள் எடுத்துக் குடித்துவிடும்.

• ஃபோர் ஸ்ட்ரோக்கில் வெறும் பெட்ரோல்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் இன்ஜின் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். புது மிஷின் சில சமயம் ஆயில் ஊற்றாமலேயே வரும். பார்க்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

• சீசன் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து வையுங்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் ஈரத்தை இழுக்கும்.

எந்த வகை, எவ்வளவு ஆயில் என்பதை டேங்க் மேலேயே பெயிண்டால் எழுதிவிடுங்கள். படிக்கத் தெரியாத அக்காவுக்கு வாயால் சொல்லிக் காட்டுங்கள். வாடகை நோட்டில் "ஆயில் கலந்தது யார்?" என்று ஒரு கட்டம் போடுங்கள். புது மிஷின் வாங்கும் குழுக்கள், கடைக்காரரிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தீர்மான நோட்டில் எழுதிய பிறகே பணம் கட்டுங்கள்.