ஜெயித்தால் மட்டும் போதாது!

13 பந்தயம் ஆடினார்கள். 13-லும் ஜெயித்தார்கள். ஒன்றில் கூடத் தோல்வி இல்லை. அப்படியும், "உங்களுக்கு இடம் இல்லை" என்று கதவைச் சாத்திவிட்டார்கள்!

இப்படியும் நடக்குமா? நடந்தது. அமெரிக்காவில், 2023-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை நடந்தது. ஆடியவர்கள் புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர்கள். ஆட்டம், கல்லூரிக் கால்பந்து.

எல்லாப் பந்தயத்திலும் ஜெயித்தவர்களுக்கு ஏன் இந்தக் கதி? அதைத் தெரிந்துகொள்ள, அந்த ஆட்டத்தையும், அதன் பின்னால் பைத்தியமாக அலையும் ரசிகர்களையும் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கையால் ஆடும் கால்பந்து

பெயர்தான் கால்பந்து. பந்தைக் கையில் பிடித்துத்தான் ஓடுகிறார்கள். கையால்தான் வீசுகிறார்கள். எப்போதாவதுதான் உதைக்கிறார்கள். பந்தும் உருண்டை அல்ல. இரண்டு முனையும் கூராக, முட்டை போல நீண்டு இருக்கும்.

பக்கத்துக்கு 11 பேர். மைதானம் 100 கஜ நீளம். தலையிலும் தோளிலும் கவசம் அணிந்துகொண்டு ஆடுகிறார்கள். பந்தோடு ஓடுகிறவனை எதிரிகள் மோதுவார்கள். கட்டிப் பிடித்துத் தரையில் சாய்ப்பார்கள்.

பந்து வைத்திருக்கும் கோஷ்டிக்கு 4 வாய்ப்பு. அதற்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் 4 வாய்ப்பு. இல்லாவிட்டால் பந்து எதிரியிடம் போய்விடும். எதிரியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் 6 பாயிண்டு. தூரத்தில் இருந்து உதைத்து, இரண்டு கம்பங்களுக்கு நடுவே செலுத்தினால் 3 பாயிண்டு.

கல்லூரிகளுக்கு இடையே முதல் பந்தயம் 1869-ம் ஆண்டு நவம்பர் 6-ந் தேதி நடந்தது. நியூஜெர்சி மாநிலத்தில் ரட்கர்ஸ் கல்லூரியும் பிரின்ஸ்டன் கல்லூரியும் மோதின. ரட்கர்ஸ் 6-4 என்று ஜெயித்தது. அன்று ஆடிய ஆட்டம் வேறு மாதிரி. அது வளர்ந்து, மாறி, இன்றைய ஆட்டம் ஆயிற்று.

சனிக்கிழமைத் திருவிழா

ஆகஸ்டு மாதக் கடைசியில் பந்தயங்கள் தொடங்கும். டிசம்பர் முதல் வாரம் வரை நடக்கும். பெரும்பாலும் சனிக்கிழமைகளில்தான் ஆட்டம். அன்று கல்லூரி ஊர்களைப் பார்க்க வேண்டுமே! தேர்த் திருவிழாதான்!

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் 1,07,000 பேருக்கு மேல் உட்காரலாம். அமெரிக்காவிலேயே பெரிய மைதானம் அதுதான். ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய கல்லூரி மைதானங்கள் இன்னும் பல இருக்கின்றன.

ஆட்டம் மாலையில் என்றால், ரசிகர்கள் காலையிலேயே வந்துவிடுவார்கள். காரை நிறுத்தி, பின்கதவைத் திறந்து வைப்பார்கள். பக்கத்தில் அடுப்பு மூட்டி இறைச்சி சுடுவார்கள். அக்கம்பக்கத்தில் இருப்பவர்களையும் அழைத்துச் சாப்பிடச் சொல்வார்கள். டென்னசி பல்கலைக்கழக மைதானம் ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்கே பலர் படகிலேயே வந்து இறங்குகிறார்கள்!

தாத்தா அந்தக் கல்லூரியில் படித்திருப்பார். அப்பாவும் அங்கேயே படித்திருப்பார். பேரன் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே அந்தக் கல்லூரியின் நிறத்தில் சட்டை போட்டுக்கொள்வான். கல்லூரி வாசலையே மிதிக்காதவர்களும், "எங்கள் ஊர் கோஷ்டி" என்று வந்து நிற்பார்கள்.

அயோவா பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. மைதானத்தை ஒட்டிக் குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது. அதன் மேல்மாடியில் இருந்து பார்த்தால் ஆட்டம் தெரியும். முதல் கால் பகுதி ஆட்டம் முடிந்ததும், மைதானத்தில் உள்ள அத்தனை பேரும் எழுந்து ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்புகிறார்கள். நோயுற்ற குழந்தைகளைப் பார்த்துக் கை அசைக்கிறார்கள். ஜன்னல் ஓரத்தில் இருந்து குழந்தைகளும் கை அசைக்கிறார்கள். எதிர்க் கோஷ்டியின் ரசிகர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். 2017-ம் ஆண்டில் தொடங்கிய வழக்கம் இது.

யார் சாம்பியன்?

இந்த ஆட்டத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. முதல் தரக் கோஷ்டிகள் 130-க்கும் அதிகம். ஆனால் ஒரு கோஷ்டி ஓர் ஆண்டில் ஆடும் வழக்கமான பந்தயங்கள் 12-தான். எல்லோரும் எல்லோரோடும் ஆட முடியாது. அப்படியானால் யார் சிறந்தவர் என்று எப்படி முடிவு கட்டுவது?

பல ஆண்டுகள் வரை ஓட்டுப் போட்டுத்தான் முடிவு செய்தார்கள்! பத்திரிகை நிருபர்கள் ஓட்டுப் போடும் முறை ஒன்று 1936-ம் ஆண்டில் இருந்து நடந்து வருகிறது. பயிற்சியாளர்கள் தனியாக ஓட்டுப் போட்டார்கள். 1997-ம் ஆண்டுப் பந்தயங்கள் முடிந்ததும் நிருபர்கள் மிச்சிகனைத் தேர்ந்தெடுத்தார்கள். பயிற்சியாளர்கள் நெப்ராஸ்காவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே ஆண்டில் இரண்டு சாம்பியன்!

2014-ம் ஆண்டில் புது ஏற்பாடு வந்தது. 4 கோஷ்டிகளைப் பொறுக்கி எடுத்து, அவர்களுக்குள் கடைசிச் சுற்றுப் பந்தயம் நடத்துவது. பொறுக்கி எடுப்பது யார்? 13 பேர் கொண்ட ஒரு கமிட்டி. பழைய பயிற்சியாளர்கள், பழைய ஆட்டக்காரர்கள், கல்லூரி விளையாட்டு அதிகாரிகள் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு ஹோட்டலில் கூடிப் பேசி, நவம்பர் முதல் வாரந்தோறும் பட்டியல் போட்டார்கள். தன் கல்லூரியைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட வேண்டும்.

நவம்பர் வந்துவிட்டால் ரசிகர்களுக்குத் தூக்கம் போய்விடும். தன் கோஷ்டி ஜெயித்தால் மட்டும் போதாது. பட்டியலில் தனக்கு முன்னால் இருப்பவர்கள் தோற்க வேண்டும். தான் ஏற்கெனவே தோற்கடித்த கோஷ்டி மற்றவர்களை ஜெயித்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதானே, "பலசாலியை வென்றோம்" என்று சொல்லிக்கொள்ளலாம்! யாரோ இரண்டு பேர் எங்கோ ஆடுவார்கள். இவர்கள் வீட்டில் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்து நகத்தைக் கடிப்பார்கள்.

முறிந்த கால்

இப்போது புளோரிடா ஸ்டேட் கதைக்கு வருவோம்.

2023-ல் அந்தக் கோஷ்டியின் முக்கிய ஆட்டக்காரர் ஜோர்டன் டிராவிஸ். பந்தை வாங்கி, வீசி, ஆட்டத்தை நடத்துகிறவர் அவர்தான். நவம்பர் 18-ந் தேதி பந்தயத்தில் அவருடைய கால் முறிந்தது. அவர் இல்லாமலே அடுத்த இரண்டு பந்தயத்திலும் கோஷ்டி ஜெயித்தது. தங்கள் வட்டாரத்தின் சாம்பியன் பட்டத்தையும் பெற்றது.

மறுநாள் கமிட்டி பட்டியலை வெளியிட்டது. மிச்சிகன், வாஷிங்டன், டெக்சாஸ், அலபாமா. அவ்வளவுதான்! அலபாமா ஒரு பந்தயத்தில் தோற்ற கோஷ்டி. தோல்வியே காணாத புளோரிடா ஸ்டேட்டுக்கு 5-வது இடம். டிராவிஸ் இல்லாத கோஷ்டி பழைய கோஷ்டி அல்ல என்பது கமிட்டியின் வாதம்.

டிராவிஸ் என்ன சொன்னார் தெரியுமா? தன் கால் இன்னும் முன்னதாகவே முறிந்திருக்கக் கூடாதா என்று வருந்தினார். அப்போது, தான் இல்லாமலும் தன் தோழர்கள் ஜெயிப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்குமே என்றார். எவ்வளவு பெரிய மனசு!

மனம் ஒடிந்த கோஷ்டியில் இருந்து பலர் விலகினார்கள். அடுத்து ஜார்ஜியாவோடு ஆடிய பந்தயத்தில் புளோரிடா ஸ்டேட் 63-3 என்று தோற்றது. "பார்த்தீர்களா, கமிட்டி சொன்னது சரி" என்றார்கள் சிலர். "மனதை உடைத்துவிட்டு ஆடச் சொன்னால் எப்படி?" என்றார்கள் மற்றவர்கள். அந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

ஆகஸ்டில் உதைத்த பந்து

2024-ம் ஆண்டில் 4 இடம் 12 இடம் ஆயிற்று. இது முன்பே முடிவான மாற்றம். ஓராண்டு முன்னதாக வந்திருந்தால் புளோரிடா ஸ்டேட்டுக்கு இடம் கிடைத்திருக்கும்!

முதல் ஆண்டிலேயே புது முறை வேடிக்கை காட்டியது. ஒகையோ ஸ்டேட் கோஷ்டி, பரம எதிரியான மிச்சிகனிடம் சொந்த மைதானத்திலேயே 13-10 என்று தோற்றது. அந்த ஆண்டில் அதற்கு அது இரண்டாவது தோல்வி. பழைய முறையில் மூட்டை கட்டியிருக்க வேண்டியதுதான். ஆனால் 12 பேரில் ஒருவராக உள்ளே வந்தது. கடைசியில் சாம்பியன் ஆகிவிட்டது!

12 இடம் வந்தால் சண்டை தீருமா? தீரவில்லை. முன்பு 5-வது கோஷ்டி அழுதது. இப்போது 13-வது கோஷ்டி அழுகிறது!

2025-ல் நடந்ததைக் கேளுங்கள். மயாமி, நோட்டர் டேம் ஆகிய இரண்டு கோஷ்டிகளுமே 10 வெற்றி, 2 தோல்வி. வாரந்தோறும் வந்த பட்டியலில் நோட்டர் டேம் மேலே இருந்தது. கடைசி வாரத்தில் இரண்டு கோஷ்டிகளுமே ஆடவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இறுதிப் பட்டியல் வந்தபோது மயாமி உள்ளே! நோட்டர் டேம் வெளியே!

காரணம் என்ன? ஆகஸ்டு 31-ந் தேதி, முதல் பந்தயத்திலேயே இரண்டும் நேருக்கு நேர் மோதின. ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருக்கையில், மயாமி உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போயிற்று. 27-24 என்று மயாமி ஜெயித்தது. ஆகஸ்டில் உதைத்த அந்தப் பந்து, டிசம்பரில் கதவைத் திறந்துவிட்டது! "முதல் பந்தயம்தானே" என்று எந்த ரசிகராவது அலட்சியமாக இருக்க முடியுமா?

தோற்றாலும் நம் பிள்ளைகள்

சரி, 12 பேருக்கு இடம் கிடைக்கிறது. மற்ற நூற்றுக்கு மேற்பட்ட கோஷ்டிகளின் ரசிகர்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்களா? இல்லை.

நெப்ராஸ்கா மைதானத்தில் 80,000 பேருக்கு மேல் உட்காரலாம். 1962-ம் ஆண்டில் இருந்து அங்கே ஒவ்வொரு பந்தயத்துக்கும் எல்லா டிக்கெட்டும் விற்றுவிடுகிறது. கொரோனா காலத்தில், 2020-ல், கூட்டத்தையே அனுமதிக்கவில்லை. அதை மட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை. இத்தனைக்கும் 2017 முதல் 2023 வரை, 7 ஆண்டுகள் தொடர்ந்து, அந்தக் கோஷ்டிக்கு வெற்றியைவிடத் தோல்விதான் அதிகம்!

இதைவிடப் பெரிய கதை இந்தியானாவின் கதை. அந்தக் கோஷ்டி தன் சரித்திரத்தில் 700-க்கு மேற்பட்ட தோல்விகளைக் கண்டது. 2023-ல் ஆடிய 12 பந்தயத்தில் 9 தோல்வி. "இந்தியானாவா!" என்று கேலி செய்தார்கள். அதன் பிறகு கர்ட் சிக்னெட்டி என்பவர் பயிற்சியாளராக வந்தார். 2024-ல் 11 வெற்றி. 2025-ல் தோல்வியே இல்லை.

2026-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி, பேர் பெற்ற அலபாமாவை 38-3 என்று நொறுக்கினார்கள். ஜனவரி 19-ந் தேதி இறுதிப் பந்தயம். எதிரி யார்? கமிட்டியின் மேஜையில் கடைசி நேரத்தில் இடம் பெற்ற அதே மயாமி! ஆட்டம் நடந்ததும் மயாமியின் சொந்த மைதானத்தில்.

கடைசிக் கால் பகுதி. இந்தியானா 3 பாயிண்டு முன்னால் இருந்தது. 3 வாய்ப்பு முடிந்துவிட்டது. ஒரே ஒரு வாய்ப்புதான் பாக்கி. பந்தை உதைத்து 3 பாயிண்டு எடுத்துத் திருப்தி அடைந்திருக்கலாம். ஆனால் பெர்னாண்டோ மெண்டோசா பந்தை அணைத்துக்கொண்டு எதிரிகளின் நடுவே பாய்ந்தார். இடித்தார்கள், சாயவில்லை. 12 கஜம் ஓடி எல்லைக்குள் விழுந்தார். முடிவில் 27-21 என்று இந்தியானா ஜெயித்தது. 16 பந்தயம், 16 வெற்றி! அதன் முதல் சாம்பியன் பட்டம் அதுதான்.

யாரை உள்ளே விடுவது என்று கமிட்டி எத்தனை முறை கூடினாலும், யாராவது ஒருவருக்கு மனக்குறை இருக்கத்தான் செய்யும். ரசிகருக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர் எப்போதோ ஒரு கோஷ்டியைத் தேர்ந்தெடுத்துவிட்டார். அது 700 முறை தோற்றாலும் அவர் பட்டியலில் அதற்குத்தான் முதல் இடம். அப்படிக் காத்திருந்த இந்தியானா ரசிகர்களுக்கு ஒரு நாள் விடிந்தது. மற்றவர்கள் அடுத்த ஆகஸ்டுக்காகக் காத்திருக்கிறார்கள். அன்று எந்தக் கோஷ்டிக்கும் ஒரு தோல்வி கூட இருக்காது!